கை நீட்டாத விடுமுறை

வெள்ளவத்தை விடுமுறை வகுப்புக்கு என்னைத் தெரிவு செய்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்திய காலம். இங்கிலீஷ் பள்ளிக்கூடம் என்றால் கட்டணம் கட்ட வேண்டும். தமிழ்ப் பள்ளிக்கூடம் இலவசம். கட்டணம் கட்டுகிறவர்களுக்கு இங்கிலீஷும் உத்தியோகமும். மற்றவர்களுக்கு வாய்ப்பாடும் வாசிப்பும், பிறகு வேலைத்தலம். எங்கள் தெருவிலிருந்து அந்தப் பக்கம் போனவர்கள் ஒருவரும் இல்லை.

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் கோட்டுப் போட்ட கனவான் ஒருவர் வந்தார். கரும்பலகையில் எட்டுக் கணக்குகள் எழுதினார். எட்டையும் சரியாகச் செய்த மூன்று பேரை எழுந்து நிற்கச் சொன்னார். இரண்டு பையன்கள், நான். ஆகஸ்ட் விடுமுறையில் நான்கு கிழமைக்கு, ஏறக்குறைய ஒரு மாதம், நகரத்தின் தெற்கே வெள்ளவத்தையில் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் வகுப்பு நடக்கப்போகிறது என்றார். இங்கிலீஷ், கணக்கு, இயற்கைப் பாடம். நடத்துவது சில கனவான்களும் சீமாட்டிகளும் சேர்ந்து வைத்திருந்த ஒரு சங்கம். முடிவில் ஒரு சோதனை. அதில் முதலிரண்டு இடம் பெறும் தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத்திலேயே கட்டணமில்லாமல் படிக்க இடம்.

அதை நடத்தியவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நல்லவர்கள் என்று எழுதச் சொன்னால் அதையும் எழுதமாட்டேன். நடந்ததை எழுதுகிறேன்.

அப்பா துறைமுகத்தில் நிலக்கரி சுமந்தவர். எனக்கு ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டார். அம்மாவுக்கு கிராண்ட்பாஸ் பக்கம் காரீயக் கொட்டகையில் வேலை. காரீயம் மண்ணுக்கு அடியிலிருந்து வெட்டி வருகிற கறுப்புக் கல். பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து சிறு கோடரியால் அதைக் கொத்தி, கல் வேறு மண் வேறாகப் பிரித்து, ஈரச் சாக்கில் தேய்த்து மினுக்குவார்கள். பிறகு பீப்பாவில் அடைத்துத் துறைமுகத்துக்குப் போகும். அந்தத் தூள் ஒட்டினால் ஒட்டியதுதான். சாயங்காலம் கொட்டகையிலிருந்து வெளியே வரும் பெண்களைப் பார்த்தால் வெயிலில் மீன் செதில் போல மினுங்குவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தூள் சலிப்பேன். விடுமுறை நாட்களில் முழு நாளும்.

அதனால் நான்கு கிழமை என்பது எங்களுக்குச் சின்ன விஷயமில்லை. அம்மாவிடம் சொன்னபோது, சோற்றுப் பானையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"இங்கிலீசு சொல்லித் தருவாங்களா?"

"ஆமாம்மா."

"நெசமா?"

"நெசமாத்தான்."

"அப்ப போ. சாயங்காலம் வந்து சலிச்சா போதும்."

காலையில் கொட்டாஞ்சேனையிலிருந்து கோட்டைக்கு நடந்து போய் ரயில் ஏறுவேன். சங்கம் மூன்றாம் வகுப்புக்கு சீசன் டிக்கட் எடுத்துத் தந்திருந்தது. முதல் நாள் பெட்டியில் ஏறியபோது, யன்னலோரத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி தன் பக்கத்து இடத்தில் பையை வைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தாள். பின்னல் மடியில் சுருண்டு கிடந்தது. அவ்வளவு நீளம்.

"வெள்ளவத்தை வகுப்புக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா. எப்படித் தெரியும்?"

"கொப்பியக் கட்டிப் புடிச்சிக்கொண்டு ஈக்கியே. இரி."

மாளிகாவத்தைக்காரி. அவள் பேச்சில் 'இருக்கு' என்பது 'ஈக்கி'. கோட்டைக்கு முந்திய மருதானையில் ஏறுவாள். அவளுடைய வாப்பா புறக்கோட்டையில் ஒரு துணிக்கடை வாசலில் மெஷின் போட்டுத் தைக்கிறவர். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அந்தப் பை எனக்காக இடம் பிடித்தது. கொள்ளுப்பிட்டிக்கு அப்பால் அலை தண்டவாளத்துக்குக் கிட்ட வந்து அடிக்கும். நாங்கள் இருவரும் முகத்தை யன்னலுக்கு வெளியே நீட்டி உப்புத் தண்ணீரை வாங்குவோம். அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் போனதில்லை. பின்னால் நடந்ததற்காக இந்தச் சந்தோஷத்தை மறைக்கவும் மாட்டேன்.

பள்ளிக்கூடம் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. முற்றத்தில் எங்களை இரண்டு வரிசையாக நிறுத்தினார்கள். ஒன்று அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். விடுமுறையை வீணாக்கக் கூடாது என்று பெற்றோர் அனுப்பியவர்கள், சப்பாத்துப் போட்டவர்கள். மற்றது கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், மாளிகாவத்தை என்று தமிழ்ப் பள்ளிக்கூடங்களிலிருந்து வந்த நாங்கள் பதினெட்டுப் பேர். மணி அடித்ததும் அந்த வரிசை நேரே மண்டபத்துக்குப் போனது. எங்கள் வரிசையைத் தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டிப்போனார்கள்.

அங்கே பெரிய மிஸ் நின்றார். வகுப்புகளுக்கெல்லாம் பொறுப்பானவர் அவர்தான். வெள்ளவத்தைத் தமிழ்ச் சீமாட்டி. தங்க விளிம்புக் கண்ணாடி, கஞ்சி போட்ட சேலை, நிமிர்ந்த நடை. கையில் ஒரு பதிவுப் புத்தகம், பக்கத்தில் கிடந்த மர வாங்கில் ஒரு பேன் சீப்பு.

"கையை நீட்டு பிள்ளை."

நீட்டினேன். நகத்தைப் பார்த்தார். காதுக்குப் பின்னால் பார்த்தார்.

"வீட்டில சவர்க்காரம் இல்லையோ?"

"இருக்கு மிஸ். இது போகாது. காரீயம்."

"போகாத அழுக்கு எண்டு ஒண்டும் இல்லை." குழாயடியில் இருந்த தேய்ப்புத் தூரிகையைத் தந்து என் விரல்களைத் தேய்க்கச் செய்தார். தோல் சிவந்தது, நகக் கண் கறுப்பாகவே இருந்தது. புத்தகத்தில் எதையோ எழுதினார். அழுக்கு என்று எழுதப்பட்டவர்கள் வகுப்புக்குள்ளே வாங்கில் உட்காரக் கூடாது. வாசலுக்கு வெளியே விறாந்தையில் பாயில் இருந்து கேட்கலாம். அது அன்றைய தண்டனை. என் நகத்துக்கு அது தினமும் வந்தது.

முதல் கிழமை முழுவதும் நான் இங்கிலீஷ் படித்தது கதவுக்கு வெளியிலிருந்துதான். கரும்பலகையில் பாதி எனக்குத் தெரியாது. தெரிந்த பாதியைக் கொப்பியில் எழுதுவேன். மற்றப் பாதியை மாளிகாவத்தைக்காரி திரும்பும் ரயிலில் சொல்லித் தருவாள். கணக்குப் பாடத்தில் ஆசிரியர் விடை கேட்டால் உள்ளே இருந்தவர்களுக்கு முன்னால் விறாந்தையிலிருந்து என் குரல் போகும். அவர் ஒரு தடவை எட்டிப் பார்த்து, "அந்தப் பிள்ளை ஏன் வெளியில?" என்று கேட்டார். "பெரிய மிஸ்ஸின் ஒழுங்கு, சேர்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனார்.

இயற்கைப் பாடத்துக்குக் கடற்கரைக்குப் போவோம். அங்கே கதவு இல்லை. கற்பாறைகளுக்கு நடுவே தேங்கிய தண்ணீரில் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்தால், மணல் என்று நினைத்தது காலை நீட்டி நடக்கும். பூ என்று நினைத்தது வாயைத் திறக்கும். அந்தக் கண்ணாடியை என் முறை வந்தபோது நான் விட மனமில்லாமல் வைத்திருந்தேன். அன்றுதான் முடிவு செய்தேன்: பாயில் உட்கார வைத்தாலும் சரி, படியில் உட்கார வைத்தாலும் சரி, இந்த வகுப்பை விட்டு நான் போகப்போவதில்லை.

இரண்டாம் கிழமை தொடக்கத்தில் பெரிய மிஸ் என் சிநேகிதியின் பின்னலை அவிழ்த்துப் பார்த்தார். சீப்பால் வாரினார். ஒரு பேன் விழுந்ததாகச் சொன்னார். எனக்குத் தெரியவில்லை, விழுந்திருக்கலாம்.

"நாளைக்கு வரேக்க தோளளவுக்கு வெட்டிக்கொண்டு வரவேணும்."

"ஏலா மிஸ்," என்றாள் அவள்.

முற்றத்தில் யாரும் அதுவரை முடியாது என்று அவரிடம் சொன்னதில்லை.

"என்ன சொன்னனீர்?"

"வெட்ட ஏலா. பேன் ஈந்தா எங்கட உம்மா எண்ண வெச்சி எடுப்பா. முடிய வெட்ட உட மாட்டா."

"அப்ப வகுப்பு வேண்டாமோ?"

அவள் அவிழ்ந்த கூந்தலைக் கையில் சுற்றிக்கொண்டு மண்டபத்துப் பக்கம் பார்த்தாள். சப்பாத்து வரிசை உள்ளே போய்க்கொண்டிருந்தது. "அவங்கட தலைய ஒரு நாளாச்சும் பாத்தீங்களா மிஸ்?"

பெரிய மிஸ் பதிவுப் புத்தகத்தைச் சட்டென்று மூடினார். அன்று அவளும் என்னோடு பாய்க்கு வந்தாள்.

அந்தக் கேள்விதான் எங்களை மாற்றியது. அது எவ்வளவு எளிய கேள்வி! எட்டு நாளாக நான் என் நகத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். சாம்பலால் தேய்த்தேன், எலுமிச்சைத் தோலால் தேய்த்தேன், ஈர்க்குச்சியால் இரத்தம் வரும்வரை குத்தினேன். அந்த வரிசையின் கையை ஏன் யாரும் பார்ப்பதில்லை என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்காத வெட்கம் எனக்கு இன்றும் உண்டு.

அன்று மாலை ரயில் பெட்டியில் பேச்சு வேறாக இருந்தது. பதினெட்டுப் பேரும் ஒரே பெட்டியில் நெருங்கி நின்றோம். யார் என்ன சொன்னார்கள் என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒருவன் பயந்தான், அவனுடைய அப்பாவுக்குத் தெரிந்தால் அடிப்பார். அவன் தன் பெயரைச் சொல்லக் கூடாது என்று எங்களிடம் வாக்கு வாங்கினான். ஆனால் அவனும் மறுநாள் எங்களோடுதான் நின்றான்.

மறுநாள் குழாயடியில் பெரிய மிஸ், "கையை நீட்டு" என்றார். வரிசையில் முதலாவதாக நின்ற கிராண்ட்பாஸ் பையன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டினான். அடுத்தவன் கட்டினான். நான் கட்டினேன். கடைசிவரை அப்படியே.

"என்ன இது?"

நான்தான் பேசுவதென்று ரயிலில் தீர்மானித்திருந்தோம். "எல்லாருக்கும் பாத்தா எங்களுக்கும் பாருங்க மிஸ்," என்றேன். "இல்லாட்டி நாங்க கை நீட்ட மாட்டோம்."

அவருடைய முகத்தில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். நாற்காலி எழுந்து பேசினால் ஒருவருக்கு வருமே, அந்த ஆச்சரியம்.

"நீங்கள் இங்க வந்தது ஆரின்ர தயவில எண்டு தெரியுமோ?"

"எட்டுக் கணக்குச் செஞ்சு வந்தோம் மிஸ்," என்றேன்.

வகுப்புக் கதவு எங்களுக்கு அடைக்கப்பட்டது. வீட்டுக்குப் போகச் சொன்னார். நாங்கள் போகவில்லை. விறாந்தையில் உட்கார்ந்தோம், பதினெட்டுப் பேரும். கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தோம். பிறகு மாளிகாவத்தைக்காரி குழாயடியில் கிடந்த வெண்கட்டித் துண்டை எடுத்து என்னிடம் தந்தாள். "கணக்குப் போடு," என்றாள். சீமெந்துத் தரையில் நான் பின்னக் கணக்கு எழுதினேன். ஒருவன் பிழை விட்டான், இன்னொருத்தி திருத்தினாள். இங்கிலீஷுக்கு எங்களில் யாருக்கும் போதுமான வித்தை இல்லை. தெரிந்த சொற்களை ஒவ்வொருவராகச் சொன்னோம். ரயிலிலும் கடைப் பலகையிலும் வாசித்த சொற்கள். நாற்பதுக்கு மேல் வந்தது. நாங்களே திகைத்தோம்.

அப்படி இரண்டு நாள். இடைவேளையில் சப்பாத்து வரிசையிலிருந்து ஒருத்தி வெளியே வந்தாள். ஒரு டாக்டரின் மகள் என்று பிறகு தெரிந்தது. எங்கள் தரையை வெகு நேரம் பார்த்தாள்.

"எனக்குப் பின்னம் விளங்கேல்லை," என்றாள். "காட்டித் தருவியோ?"

"இன்னைக்கு இங்கிலீஷ் பாடத்தில என்ன எழுதினீங்க? அந்தக் கொப்பியக் காட்டு."

கொடுத்து வாங்கல்தான். அவள் இரக்கப்பட்டு வரவில்லை, நாங்களும் கெஞ்சவில்லை. இரண்டு நாளில் அவளுக்குப் பின்னம் வந்தது. எங்களுக்கு இரண்டு நாள் இங்கிலீஷ் பாடம் தப்பாமல் கிடைத்தது. அவளைப் போல இன்னும் மூன்று நான்கு பேர் வந்தார்கள். நான் "ஆமா" என்று சொல்லும்போதெல்லாம் முன்பு கிளுக்கென்று சிரித்தவர்கள்தான். அவர்கள் வீட்டில் "ஓம்" என்பார்கள். இப்போது சிரிக்கவில்லை. சிரித்தால் கணக்கு கிடைக்காது.

மூன்றாம் நாள் என் அம்மாவை வரச் சொல்லிக் கடிதம் போனது. தலைமை தாங்கியவள் நான் என்று பெரிய மிஸ் முடிவு செய்திருந்தார். கடிதத்தை நானே அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு வரியையும் மாற்றவில்லை. "ஒழுக்கக் கேடு" என்ற இடத்தில் அம்மா நிறுத்தினார்.

"நீ என்ன செஞ்ச?"

சொன்னேன். எல்லாவற்றையும். பாயில் உட்கார்ந்ததையும் சொன்னேன், அதுவரை மறைத்திருந்தேன்.

அம்மா என் கையிலிருந்த கடிதத்தை வாங்கி மடித்தார். "பாயில ஒக்கார வச்சதை ஏன்டி மொதல்லயே சொல்லல?" என்றார். அதற்கு மேல் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் அம்மா வெள்ளவத்தைக்கு வந்தார். குளித்து, பெட்டியிலிருந்து சேலை எடுத்துக் கட்டி வருவார் என்று எதிர்பார்த்திருந்தேன். கொட்டகையிலிருந்து நேரே வந்திருந்தார். முகம், கழுத்து, முழங்கை எல்லாம் காரீய மினுக்கம். அந்தச் சுத்தமான விறாந்தையில் அம்மா நடந்து வந்தபோது ஒரு நொடி எனக்கு உடம்பு கூசியது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அலுவலக அறையில் பெரிய மிஸ் மேசைக்கு அப்பால் இருந்தார். நான் கதவோரம் நின்றேன்.

"உம்மட மகள் மற்றப் பிள்ளைகளையும் கெடுக்கிறாள். கை காட்டமாட்டன் எண்டு நிக்கிறாள். நாங்கள் இவையின்ர நன்மைக்குத்தான் எல்லாம் செய்யிறம்." 'நீங்கள்' என்று அவர் அம்மாவைச் சொல்லவில்லை. 'நீர்' என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்.

"எதுக்குங்கம்மா கையப் பாக்குறீங்க?"

"சுத்தம் பழக வேணும். நகத்துக்குள்ள அழுக்கோட வகுப்பில இருக்கேலாது."

அம்மா முன்னால் வந்து தன் இரண்டு கைகளையும் மேசையில் வைத்தார். அங்கே விரித்திருந்த வெள்ளைக் காகிதத்தில் பத்து விரலும் பதிந்தன.

"இது எந்தச் சவுக்காரத்துக்குப் போகும்னு சொல்லுங்க. வாங்கிப் போட்டுக் கழுவுறேன். பதினோரு வருசமா எனக்குத் தெரியல."

பெரிய மிஸ் நாற்காலியைப் பின்னால் இழுத்தார்.

"இது அழுக்கு இல்லீங்க. வேலை. அழுக்குன்னா ஒங்க கையில இருக்கிற பென்சிலயும் கீழ போட்டுருங்க. அதுக்குள்ள இருக்கிறதும் இதுதான். நாங்க கொத்தி, தேச்சி, கப்பல்ல ஏத்துறது."

பெரிய மிஸ் பென்சிலைக் கீழே போடவில்லை. ஆனால் அதைப் பார்த்தார். நான் கண்டேன்.

"பிள்ளைக்காக மன்னிப்புக் கேக்கத்தான் உம்மைக் கூப்பிட்டனான்," என்றார் கடைசியில்.

"அது மன்னிப்புக் கேக்குற மாதிரி ஒண்ணும் செய்யலீங்க. நல்லது செய்யிறேன்னு சொல்றீங்க, செய்யுங்க. எல்லாப் புள்ளைக்கும் செய்யுங்க." அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ போய் அவங்களோட ஒக்காரு. எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு."

அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்து, அவ்வளவு பேசிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

பெரிய மிஸ் மனம் மாறினார் என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படி நடக்கவில்லை. நடந்தது வேறு. எங்கள் கோரிக்கை ஒரே வாக்கியம்: பார்த்தால் எல்லாரையும் பார். அது நியாயமில்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சங்கத்தார் கூடிப் பேசியிருக்க வேண்டும். திங்கட்கிழமை இரண்டு வரிசைகளையும் குழாயடிக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினோம். பதினெட்டுப் பேரும் கை நீட்டினோம். மற்ற வரிசையும் நீட்டியது. நகத்தில் மை, நகத்தைக் கடித்த புண், காதுக்குப் பின்னால் ஊத்தை. பேன் சீப்புக்கும் குறைவில்லாத அறுவடை. டாக்டரின் மகள் தலையிலிருந்தே இரண்டு. அவள் வெட்கப்படாமல் சிரித்தாள். அதற்காக அவளை எனக்குப் பிடித்தது. அன்று யாரையும் பாய்க்கு அனுப்பவில்லை; அத்தனை பேரை அனுப்பவும் முடியாது.

புதன்கிழமை வெள்ளவத்தைத் தகப்பன்மார் சிலர் கோபத்தோடு வந்தார்கள். தங்கள் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பேன் பார்ப்பது அவமரியாதை என்றார்கள். வியாழக்கிழமை பரிசோதனை நின்றது. எல்லாருக்கும்.

நாங்கள் மறுத்தபோது அதற்குப் பெயர் ஒழுக்கக் கேடு. அவர்கள் மறுத்தபோது அதற்குப் பெயர் மரியாதை. பன்னிரண்டு வயதில் அந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடம் எனக்குக் கற்பித்த முதல் முழுப் பாடம் அதுதான்.

கடைசி இரண்டு கிழமையும் நான் வாங்கில் உட்கார்ந்து படித்தேன். வெறியோடு படித்தேன். மாளிகாவத்தைக்காரியின் கூந்தலை யாரும் தொடவில்லை. கடைசிக்கு முந்திய நாள் சோதனை. கடைசி நாள் முடிவு வாசித்தார்கள். கணக்கில் எல்லாருக்கும் முதலாவது நான். சப்பாத்து வரிசையும் சேர்த்து. இங்கிலீஷில் எங்கள் பதினெட்டுப் பேரில் என் சிநேகிதி முதலாவது, நான் இரண்டாவது. எல்லாப் புள்ளியையும் கூட்டினாலும் பதினெட்டுப் பேரில் முதலிரண்டு நாங்கள்தான். கட்டணமில்லாத இரண்டு இடங்களுக்கும் வேறு இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள்.

எனக்குக் கேட்டது பிழையோ என்று நினைத்தேன். கைதட்டல் முடிந்ததும் நேரே பெரிய மிஸ்ஸிடம் போனேன். சிநேகிதி என் பின்னால் வந்தாள்.

"எங்களுக்கு ஏன் இடம் இல்ல மிஸ்?"

"புள்ளிகள் மட்டும் போதாது பிள்ளை. நடத்தையும் பார்க்க வேணும்."

"அப்ப மொதல்லயே அதைச் சொல்லியிருக்கலாமே. கணக்குச் சோதனை ஏன் வச்சீங்க?"

அவர் காகிதங்களை அடுக்கினார். மேலே என் விடைத்தாள் இருந்தது. சிவப்பு மையில் முழுப் புள்ளி. நான் அதை எடுத்தேன். சிநேகிதி காகிதக் கட்டுக்குள் தேடித் தன்னுடையதை எடுத்தாள்.

"அதை வை. பள்ளிக்கூடத்தின்ர சொத்து."

"நாங்க எழுதினது மிஸ்," என்றேன். இருவரும் வெளியே நடந்தோம். யாரும் தடுக்கவில்லை. ரயில் நிலையம் வரைக்கும் நான் அழவில்லை. ரயிலில் அழுதேன். அவள் யன்னலை எனக்கு விட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

இடம் கிடைத்த இருவரில் ஒருவன், வரிசையில் முதலாவதாகக் கையைக் கட்டிய அதே கிராண்ட்பாஸ் பையன். அவனுடைய நடத்தையை ஏன் மன்னித்தார்கள் என்று தெரியாது. பையன் என்பதாலோ என்னவோ. அவன் படித்து முன்னுக்கு வந்தான். அவன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இடம் இரண்டே இரண்டு என்று வைத்தவர்கள்மேல் உண்டு.

அம்மா விடைத்தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். நான் திருப்பிக் கொடுத்தேன். "செவப்புல போட்டிருக்கிறது நல்லதா கெட்டதா?" என்று கேட்டார். நல்லது என்றேன். அரிசிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

மறு வருஷம் ஆகஸ்ட் வந்தபோது எங்களுக்கு அழைப்பு வரவில்லை. வராது என்று தெரியும். ஒரு நாள் சிநேகிதி கொட்டகைக்கே தேடி வந்து வாசலில் நின்று கத்தினாள். "நாங்களே ஒண்டு வெப்போமா?"

"எங்க?"

"எங்கட ஊட்டுப் பின்னுக்கு ஒரு கொட்டில் ஈக்கி. வாப்பா கேட்டாரு, ஆம்புளப் புள்ளயளும் வருமான்னு. வராதுன்னு செல்லிட்டேன். சரியாம்."

பதின்மூன்று வயதுக்காரிகள் இருவர் நடத்தும் விடுமுறை வகுப்புக்கு யார் வருவார்கள்? முதல் நாள் ஒன்பது பேர் வந்தார்கள். கொட்டகைப் பெண்களின் மகள்கள் ஐந்து பேர், மாளிகாவத்தைப் பிள்ளைகள் நான்கு பேர். அவர்களில் பள்ளிக்கூடம் பார்த்தே இராதவர்கள் இரண்டு பேர். கணக்கு என் பொறுப்பு. இங்கிலீஷ் அவள் பொறுப்பு. பிள்ளைகளைவிட ஒரு பாடம் முன்னால் படித்துக்கொண்டு போய்ச் சொல்லிக்கொடுத்தோம். சில நாள் பிழையாகவும் சொல்லிக்கொடுத்தோம். மறுநாள் பிழை என்று சொல்லித் திருத்தினோம். அப்படி மூன்று ஆகஸ்ட் நடத்தினோம். பிறகு அவளுக்குக் கல்யாணம் பேசினார்கள்; யுத்தமும் கொழும்புக்குக் கிட்ட வந்தது.

முதல் வருஷத்தில் ஒரு நாளைச் சொல்லி நிறுத்துகிறேன். பழைய புத்தகக் கடையொன்றில் அட்டை கிழிந்த உலகப் படப் புத்தகம் ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. அதை நடுவில் விரித்து வைத்துக்கொண்டு கண்டங்களைக் காட்டினாள். இங்கிலாந்தைக் காட்டினாள், கப்பல் போகும் வழியைக் காட்டினாள். பிள்ளைகள் தலையோடு தலை முட்டப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பெண் கேட்டாள்:

"இதுல கிராண்ட்பாஸ் எங்க அக்கா?"

தேடினோம். அந்தப் பக்கத்தில் இலங்கையே ஒரு புளியங்கொட்டை அளவு. கொழும்பு ஒரு புள்ளி. சின்னப் பெண்ணின் முகம் தொங்கிப்போனது.

என் சிநேகிதி புத்தகத்தை மூடினாள். வெண்கட்டியை எடுத்துத் தரையில் குனிந்து வரையத் தொடங்கினாள். முதலில் களனி ஆறு. பிறகு பாலம், கிராண்ட்பாஸ் வீதி, டிராம் தண்டவாளம். காரீயக் கொட்டகையை நான் வரைந்தேன். பிள்ளைகளும் வெண்கட்டி கேட்டார்கள். ஆளுக்கு ஒரு துண்டு. ஒருத்தி தன் வீட்டைப் போட்டாள், ஒருத்தி பள்ளிவாசலை, ஒருத்தி கொட்டாஞ்சேனைக் கோவிலை, ஒருத்தி தண்ணீர்க் குழாயை. படம் சுவரைத் தொட்டது. வாசற்படியைத் தாண்டி முற்றத்துக்குப் போனது. எல்லார் பாவாடையிலும் வெள்ளைத் தூள்.

"இங்கிலாந்த எங்க போடுறது?" என்று ஒருத்தி கேட்டாள்.

என் சிநேகிதி நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, தரை முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"எடம் மிச்சம் ஈந்தா போடுவோம்," என்றாள்.